ஈ-6 ரேக்கின் சொந்தக்காரருக்கு

என் பிரியமான வால்டர் அண்ணாச்சி,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். என் இங்கிலீஷை வைத்து சரக்கு விற்கலாம், மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. இதை இங்குள்ள தமிழ்ச் சங்க மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களைத் தவிர எல்லோரும் படிப்பார்கள்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி வெள்ளைக்காரர். ஐசலினில் என் மளிகைக்கடைக்குப் பின்தெருவில் பிறந்து, தொண்ணூறு தாண்டியும் அங்கேயே இருந்தவர். வாலிபத்தில் பேஸ்பால் ஆடியவர். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று பந்தை மறிக்கிற ஷார்ட்ஸ்டாப்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? கடை திறந்த புதிது, ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ரேக்குகளுக்கு ஏ, பி, சி என்று வரிசை பிரித்து, நம்பர் போட்டு, என் மனைவி செல்வி அட்டை எழுதி ஒட்டியிருந்தாள். கடைசி வரிசை ஈ. அதில் ஆறாவது தட்டு அப்பளத்துக்கு, அட்டையில் ஈ-6. நீங்கள் கைத்தடியோடு ஒவ்வொரு ரேக்காகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அந்த அட்டை முன்னால் நின்றதும் முகம் சிவந்துவிட்டது. உங்கள் இங்கிலீஷை என் ஊர்த் தமிழில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"யாருய்யா இதை எழுதச் சொன்னது?"

"என் ஒய்ஃப் சார்."

"அந்தம்மாவுக்கு யாரு சொன்னா? பார்பர் ஷாப்காரனா?"

நான் முழித்தேன். செல்வி உள்ளேயிருந்து, "என்னங்க, அப்பளம் நமுத்துப் போச்சாமா? மாத்திக் குடுத்துருங்க" என்றாள். நீங்கள் கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

பார்பர் ஷாப்பில் போய் விசாரித்தேன். பேஸ்பால் கணக்கெழுதுகிறவர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறார்கள். ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆறு. ஈ என்றால் எரர், பிழை. ஷார்ட்ஸ்டாப் பந்தைத் தவறவிட்டால் ஈ-6. செங்கல் சூளை வேலையை விட்டுப் பெரிய லீக் வரைக்கும் ஏறிப் போன உள்ளூர்ப் பையன் வால்டர், இரண்டாவது வருடமே லீகில் யாரையும்விட அதிக எரர் வாங்கினான். முக்கியமான ஒரு ஆட்டத்தில் கடைசிப் பந்தும் விரலில் பட்டு நழுவியது. கீழ் லீக்குக்குத் தள்ளினார்கள். பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களில் கொஞ்ச காலம் ஆடிவிட்டுப் பழையபடி சூளைக்கே வந்தான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் பெயரே ஈ-6. இத்தனையும் சொல்லிவிட்டு பார்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அட்டையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு, ஒரு பாக்கெட் அப்பளத்தோடு உங்கள் வீட்டுப் படியேறினேன். அட்டையை நீட்டி, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். நீங்கள் அப்பளத்தைப் பிரித்து, பச்சையாகவே கடித்தீர்கள். "இதை உங்க ஊர்ல காசு குடுத்து வாங்குறாங்களா?" என்றீர்கள். அப்புறம்தான் பேச்சு நடந்தது.

"பக்கத்துல, ரெண்டாவது பேஸ்ல நின்னவருக்கு எத்தனை எரர்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ரொம்பக் கம்மி. நேரா கைக்கு வர்ற பந்தைத்தான் பிடிப்பான்."

"தள்ளிப் போற பந்து?"

"தொடலேன்னா அது அடிச்சவன் கெட்டிக்காரத்தனம். ஓடிப்போய்த் தொட்டு நழுவவிட்டா என் தப்பு. அப்படித்தான் எழுதுவாங்க."

நான் வியாபாரி. எனக்கு அந்த நிமிஷமே கணக்கு விளங்கிவிட்டது. "அப்போ நின்ன இடத்துலயே நின்னிருந்தா உங்க பேரு கெட்டிருக்காதே. ஏன் ஓடுனீங்க?"

ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தீர்கள். "பந்து அந்தப் பக்கமில்ல போச்சு?"

நானாக இருந்தால் நின்றிருப்பேன் என்றேன். மனதில் பட்டதை மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான். "அதான் நீ கடை வச்சிருக்கே" என்றீர்கள். வாசல்வரை வந்து அட்டையை என் கையில் திணித்து, "இருந்த இடத்துலயே ஒட்டு" என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

அதற்குப் பிறகு தினமும் வந்தீர்கள். உங்கள் தட்டில் அப்பளக்கட்டுகளை நேராக அடுக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவீர்கள். செல்வி உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டதற்கு அர்த்தம் கேட்டீர்கள். மூத்த அண்ணன் என்றேன். "எனக்கு உங்க தாத்தா வயசு" என்றீர்கள். கடைத்தெருவில் வயசு பார்ப்பதில்லை என்றேன். அந்தச் சொல் உங்களுக்குப் பிடித்துப்போனது. "அனாச்சி ஹியர்" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வருவீர்கள்.

இந்த வசந்தத்தில் உங்களைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நாங்களும் வந்தோம். உங்கள் பழைய கூட்டாளி ஒருவர், பாசமாகத்தான், "நம்ம ஈ-6 போயிட்டான்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். உங்கள் மகள் மார்த்தா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் இந்தப் பெயர்தானா மிஞ்சும்? சபையில் எழுந்து பேச எனக்கு இங்கிலீஷ் போதாது. மார்த்தாவிடம் மட்டும், "ஒருநாள் கடைக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தார், அண்ணாச்சி. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அந்த அட்டையைத் தடவிப் பார்த்தார். "வீட்ல இந்தப் பேரைச் சொன்னாலே அப்பா எந்திரிச்சுப் போயிடுவார். ஆனா கடைசி வருஷங்கள்ல போன்ல என்கிட்ட பெருமை பேசுவார். இந்தியாக்காரங்க கடையில எனக்குன்னு ஒரு ஷெல்ஃப் இருக்கு, நல்லா ஓடுதுன்னு" என்றார். செல்வி உடனே எண்ணெய் காய வைத்து அப்பளம் பொரித்துக் கொடுத்தாள். மார்த்தா சாப்பிட்டுக்கொண்டே அழுதார். நானும் சரக்கு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இப்போது புதுச் செய்தி. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. டெக்சாஸில், ஆலனில் இருக்கிற செல்வியின் தம்பி சீனி லீவில் வந்து எல்லாம் செட் அப் பண்ணிக் கொடுத்தான்.

"அத்தான், இனிமே ஏ, பி, சி எல்லாம் வேணாம். எல்லா ரேக்குக்கும் சிஸ்டமே நம்பர் போடும்."

"போடட்டும். ஈ-6 மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"ஒரே ஒரு ரேக்குக்குப் பழைய நம்பரா? ஒத்துக்காது அத்தான். ஒவ்வொரு தடவையும் எரர் காட்டும்!"

"காட்டட்டும்டா."

அவன் அக்காவைப் பார்த்தான். "அக்கா, அத்தானுக்கு என்ன ஆச்சு?" செல்வி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அப்பளம் பில் போடும்போதெல்லாம் திரையில் சிவப்பாக எரர் என்று வருகிறது. அவள் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, "அண்ணாச்சி வந்துட்டாரு" என்கிறாள். வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பி வாசலைப் பார்க்கிறார்கள்.

நான் இந்தக் கடையில் இருக்கிறவரை அந்த அட்டையை யாரும் எடுக்கமாட்டார்கள். தட்டும் காலியாக இருக்காது. நீங்கள் அடுக்கியதுபோல என்னால் நேராக அடுக்க வரவில்லை, அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைத்தெருத் தம்பி,
முருகேசன்