ஆரபியின் தோளுக்கு ஒரு துவக்கு

ஒவ்வொரு இலையுதிர்காலமும் தோள் நொந்து வந்த என் அண்ணாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் இது இரண்டாவது வருடம். உங்கள் மகள் ஆரபி வேட்டை லைசன்ஸ் எடுத்துவிட்டாள். பதினெட்டு வயது. மூஸ் மான் வேட்டைக்கு வடக்கே போகும் உங்கள் தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு இந்த முறை அவளும் போகிறாள். உங்கள் துவக்கோடுதான் போவேன் என்று நின்றாள்.

செப்டெம்பரில் அவர்களில் ஒருவரான உங்கள் சிநேகிதர் டேவ் அவளைச் சுட்டுப் பழகக் கூட்டிப்போனார். வெடிக்கும்போது உங்கள் துவக்கு தோளில் உதைத்த உதையில், நாலாவது வெடியிலிருந்து விசையை இழுக்க முதலே கண்ணை மூடத் தொடங்கிவிட்டாளாம். "கண்ணை மூடுகிறவளைக் காட்டுக்குக் கூட்டிப்போக மாட்டேன். வேறு துவக்கு வாங்கட்டும்" என்று டேவ் சொல்லிவிட்டார்.

துவக்குக் கடைக்கு வர அண்ணிக்கு மனமில்லை. எனக்கு மட்டும் இருந்ததா? ஊரில் துவக்கைக் கண்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று மட்டும் படித்தவள் நான். ஆனாலும் போனேன்.

கடைக்காரர் நிதானமான மனிதர். ஆரபியின் கையை மடிக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்தார். தோளில் வைக்கும் பிடி குட்டையான, உதை குறைந்த முந்நூற்றெட்டு ரகத் துவக்கு ஒன்றை எடுத்து வைத்தார். கிட்டப் போய்ச் சரியான இடத்தில் சுட்டால் மூஸுக்கும் இது போதும் என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா? வளரும் பிள்ளை." அவர் சிரித்துவிட்டார். "வின்டர் ஜாக்கெட் என்றால் எடுக்கலாம். இது இன்றைக்கே பொருந்தவேண்டும்."

ஆரபி அதைத் தொடவில்லை. "சின்னப் பிள்ளையளின்ர மாதிரி இருக்கு மாமி. அப்பாவும் என்ர உயரம்தானே, ஃபைவ் ஃபோர்? அவரால ஏலுமெண்டால் என்னால ஏன் ஏலாது?"

"அப்பாவாலயும் ஏலேல்லை, பிள்ளை."

சொல்லிவிட்டேன் அண்ணா. வேட்டை முடிந்து அஜக்ஸில் உங்கள் வீட்டுக்குப் போக முதல் பிக்கரிங்கில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்களே, அதைச் சொன்னேன். "கொஞ்சம் நல்லெண்ணெய் சூடாக்கு. உன்ர அண்ணிக்கும் ஆரபிக்கும் சொல்லிப்போடாதை." நானும் வாக்குத் தருவேன். தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். உங்கள் உயரத்துக்கு முயல் துவக்கே போதும் என்று கூட்டாளிகள் பகிடி பண்ண, நீங்கள் போய் அந்தப் பெரிய மக்னம் ரகத் துவக்கைத் தூக்கி வந்த கதையையும் சொன்னேன்.

கடைசி வருடக் கதையையும் மறைக்கவில்லை. உதைக்குப் பயந்து நீங்கள் கண்ணை மூடியதில், வயிற்றில் வெடி பட்டு ஓடிய அந்த மூஸ். இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. என் குசினிக் கதிரையில் இருந்து, "அது எங்கையோ கிடந்து நொந்துகொண்டிருக்குமடி" என்று அழுதீர்கள்.

அவள் மனதில் இருந்த அப்பாவை ஒரு கடையில் வைத்து இப்படிக் குறைத்தது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

 ஆரபி அந்தக் குட்டைத் துவக்கை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். துவக்குக்குப் போடும் ரவையை அவளே விசாரித்தாள். பெரிய மிருகத்தின் உள்ளே சிதறாமல் ஆழமாய்ப் போகும் ரகத்தைக் கடைக்காரர் காட்டினார். பழகவும் வேட்டைக்கும் அதையே பாவிக்கவேண்டும், மாற்றினால் குறியும் மாறும் என்றார். துவக்கோடு நாலு பெட்டி ரவையும் வாங்கினோம்.

காரில் கேட்டாள். "மாமி, அப்பா அந்த மூஸுக்காக அழுதவரே?"

"ஓம்."

"குட்" என்றாள். 

இப்போது கண் திறந்தபடி சுடுகிறாளாம். டேவ் சம்மதித்துவிட்டார். அடுத்த கிழமை பயணம். உங்கள் துவக்கை விற்கவில்லை, டேவின் பெட்டகத்திலேயே பூட்டியிருக்கிறது.

திரும்பி வரும்போது முதலில் என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். நல்லெண்ணெயைச் சூடாக வைத்திருப்பேன் அண்ணா. அவள் தோளில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தடவி விடுவேன். இந்த முறை அண்ணியையும் கூப்பிட்டு வைத்திருப்பேன்.

உங்களுக்குத் தந்த வாக்கை ஒரேயொரு முறை மீறிய
தங்கச்சி