கல்லுக்கடியில் ஒரு மண்வில்லை

சிகர், ஜூன் 8

அன்புள்ள முக்தார் அண்ணாவுக்கு,

ஸகினாவின் சலாம். நானும் பிள்ளையும் நலம். ஆப்ரிகாட் காய்த்துத் தொங்குகிறது, உலுக்கத்தான் ஆளில்லை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத நீயும் உன் மாப்பிள்ளையும் மலையடி முகாமில் வெள்ளைக்காரர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறீர்களாம். இந்த அதிசயத்தை நான் யாரிடம் சொல்ல?

உங்கள் முகாமுக்கு முட்டைக்கூடை சுமக்கும் குல்தாத் கையில் இரண்டு மண்வில்லை கொடுத்தனுப்புகிறேன். என் மாமியார் கர்பலாவிலிருந்து கொண்டுவந்த மண். தொழும்போது நெற்றி வைக்க ஆளுக்கொன்று. உன் மாப்பிள்ளை மறதிக்காரர், தொலைத்துவிடப் போகிறார். கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளச் சொல். அது கூட இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் தங்கை
ஸகினா


முகாம், ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

வில்லைகள் வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்று சொன்னால் கோபிக்காதே. இந்தப் பக்கத்தில் எல்லோரும் கைகட்டித் தொழுகிற சுன்னிகள். கைகளைத் தொங்கவிட்டு, மண்ணில் நெற்றி வைக்கிறவர்கள் நானும் மாப்பிள்ளையும் மட்டும்தான். குல்தாத் மாதிரி ஆட்கள் தங்கம். ஆனால் கீழே சாலையில் துப்பாக்கிக்காரர்கள் வண்டியை மறித்து, நம் ஷியா ஆட்களை மட்டும் இறக்கிச் சுடுகிறார்களாம். அதனால் என் வில்லையைச் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளையையும் அப்படியே செய்யச் சொன்னேன்.

"போங்க மச்சான், உங்க தங்கச்சி குடுத்ததைக் கல்லுக்கடியில போட்டுட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு கெடைக்குமா?" என்று சிரிக்கிறார்.

மலையேறிகள் அடுத்த வாரம் உச்சிக்குக் கிளம்புகிறார்கள். அவர்கள் இறங்கியதும் நாங்களும் வீடு வந்துவிடுவோம்.

அண்ணன்
முக்தார்


கில்கித், ஜூன் 29

ஸகினா,

மாப்பிள்ளை நிசாரின் உடலோடு நான் வந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை முடியாமல் என்னை விடமாட்டேன் என்கிறார்கள்.

விடியற்காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். துப்பாக்கிக்காரர்கள் சீருடை போட்டு வந்ததால் காவலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து நானே தேநீர் ஊற்றினேன். முகாமில் இருந்த மலையேறிகள் ஒன்பது பேரையும் கூடாரங்களிலிருந்து இழுத்து வந்து வரிசையாக மண்டியிட வைத்தார்கள். "விருந்தாளிங்கய்யா, விட்டுடுங்க" என்று மாப்பிள்ளை குறுக்கே போனார். அதனால்தான் அவரையும் சுட்டார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை. வில்லையை அவரும் முந்தின நாளே கல்லுக்கடியில் வைத்துவிட்டார்.

என்னை மன்னித்துவிடு.

முக்தார்


சிகர், ஜூலை 6

அண்ணா,

குல்தாத் இரண்டு நாள் பயணம் செய்து துக்கத்துக்கு வந்தான். இது நடந்த பிறகு, சுன்னியான அவனுக்கு நம் தெருவில் நுழையப் பயம். ஆனாலும் வந்தான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். உள்ளே கூப்பிட்டு உப்புத் தேநீர் கொடுத்தேன். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். விடாமல் கேட்டேன்.

"அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன் அக்கா. எங்களையும் கட்டித்தான் போட்டிருந்தாங்க. அப்புறம் கட்டை அவுத்து, ஒவ்வொருத்தரா தொழுது காட்டச் சொன்னாங்க. உங்க அண்ணன் கை கட்டிக் காட்டினாரு. நிசாரும் கட்டினாரு. ரெண்டு பேரும் எங்க ஊரு ஆளுங்கன்னு நான் சத்தியம் பண்ணேன். விட்டுட்டுப் போகத்தான் இருந்தாங்க. அப்புறம் ஒருத்தன் பைகளைத் துழாவினான். நிசார் கோட்டுல வில்லை இருந்துச்சு."

என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் அதை உள்பையில் வைத்திருந்தார். அதைச் சொல்ல மனம் வராமல்தான் நீ பொய் எழுதினாய். எனக்குத் தெரியாதா? நீ உயிரோடு இருப்பதிலும் எனக்குக் கோபமில்லை. நீயும் போயிருந்தால் எனக்கு யார்?

விசாரணை முடிந்ததும் முகாமுக்குப் போய், கல்லுக்கடியில் இருக்கும் உன் வில்லையை எடுத்துக்கொண்டு வா. பிள்ளைக்குக் கொடுக்க இனி அது ஒன்றுதான் இருக்கிறது.

குல்தாத் சொன்னதிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தின்கிறது. அவரைக் கொன்றது நானா? அங்கே இருந்தவன் நீ. அதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும். "இல்லை" என்றுதான் சொல்லுவாய். ஏற்கெனவே ஒரு பொய் எழுதிவிட்டாயே அண்ணா. அந்த "இல்லை"யை நான் எப்படி நம்புவேன்?

ஸகினா