பதினோரு பதிவுகள்

மார்ச் 4

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேச எனக்கு வாய் வரவில்லை. எழுதுவதும் ஒரு காரியமாகத்தான்.

என் வேலை உனக்குத் தெரியும். மருத்துவர்கள் பேசி அனுப்பும் பதிவைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது. இப்போது ஒரு நாளைக்கு நூறு வருகிறது. எல்லாம் 'புதிய பதிவு 1', 'புதிய பதிவு 2' என்ற பெயரில். தேதி போட்டு வரிசையாகப் பெயர் மாற்றித் தர வேண்டுமாம். மாற்றி மாற்றி விரல் மரத்துப் போகிறது. உன் அத்தான், "அவனுக்கு அஞ்சு நிமிஷ வேலை. கேட்டா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா?" என்கிறார்.

பெயரைத் தானாக மாற்ற, நீ ஸ்கிரிப்ட் என்பாயே, அந்த மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரல் நானே எழுதிப் பார்த்தேன். ஒன்றுக்கு அடுத்துப் பத்து வருகிறது, இரண்டு எங்கோ பின்னால் போய் நிற்கிறது. ஏன்? நீ வந்து எதையும் செய்ய வேண்டாம். சொல்லிக் கொடு, போதும்.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்து மூன்று தடவை படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "என்ன சார், பதவி உயர்வா?" என்று கேட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் அதை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. ஒன்றில் தொடங்குவதெல்லாம் அதற்கு முன்வரிசை. 001, 002 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்துவிடு. பெயர் நடுவில் இடைவெளி இருந்தால் அதை இரண்டு மூன்று ஃபைல் என்று நினைத்துக்கொள்ளும், அதனால் பெயரை மேற்கோள் குறிக்குள் போடு. இன்னொன்று. எதையும் மாற்றும் முன், அழிக்கும் முன், என்ன செய்யப்போகிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டச் சொல். படித்துப் பார்த்துவிட்டு ஓட விடு. இதை நான் சொன்னால் உனக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனாலும் செய்.

என் பழைய ஸ்கிரிப்ட் எதுவும் அங்கே கிடந்தால் தொடாதே. எல்லாம் குப்பை. புதிதாகவே எழுது.

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

வேலை செய்கிறது. நூற்றுப் பதினாறு பதிவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே?" என்றார்.

நீ நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாய். அதனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபடி பேசி அனுப்பிய பதினோரு பதிவு. பாதி மூச்சுவாங்கல், மீதி உன்னைப் பற்றிய புகார். அவள் போன பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். "கம்ப்யூட்டர்ல இடமே இல்ல, சுத்தம் பண்ணித் தரேன்" என்று நீ ஸ்கிரிப்டை ஓட்டினாய். எல்லாம் போயிற்று. இப்போது நீ என்னிடம் ஜாக்கிரதை சொல்கிறாய். அன்று உனக்கு அது எங்கே போனது?

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு என்னுடையதுதான். அன்றும் அதைத்தான் சொன்னேன். அடுத்த சந்தேகம் என்ன என்று எழுது.

உன் தம்பி

மார்ச் 19

தம்பி,

நீ தொடாதே என்றதைத் தொட்டுவிட்டேன். ஒரே பதிவை இரண்டு தடவை அனுப்பித் தொலைக்கிறார்கள். இரட்டையைக் கண்டுபிடித்து நீக்க உன் பழைய ஸ்கிரிப்டில் வழி இருக்கும் என்று திறந்தேன். முன்பு பார்த்தால் கிறுக்கலாகத் தெரிந்தது. இப்போது வரி வரியாகப் புரிகிறது.

பக்கத்திலேயே, தான் செய்ததையெல்லாம் அது எழுதி வைத்த பட்டியலும் இருந்தது. அன்றைய தேதி. 'அம்மா' ஃபோல்டருக்கு நேராக, 'ஃபைல் எதுவும் இல்லை' என்று இருந்தது. நீ ஓட்டும்போதே அது காலி.

உட்கார்ந்து யோசித்தேன். ஃபோல்டரைத் திறந்து பெயர் வைத்தது நான். அம்மாவின் பதிவுகளை அதற்குள் மாற்ற மறந்ததும் நான். அவற்றுக்கும் 'புதிய பதிவு' என்றுதான் பெயர், வேலைப் பதிவுகளோடு கலந்து கிடந்தன. அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் ஆபீஸிலிருந்து நெருக்கினார்கள். அடித்து அனுப்பிவிட்டு, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். நீ என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "அம்மா குரலையே அழிச்சிட்டியேடா" என்று கத்தினேன். "ஆமாக்கா, என் தப்புதான்" என்றாய். மகள் கல்யாணத்துக்குக்கூட உன்னைக் கூப்பிடவில்லை. ஏன்டா சொல்லவில்லை? நீ என்னைக் காப்பாற்றவில்லை, என்னைக் கெட்டவளாக்கி வைத்திருக்கிறாய்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியலை அன்றே பார்த்தேன். சொல்லத்தான் திரும்பினேன். நீ அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அந்த நேரத்தில் உன்னிடம் 'அழித்தது நீதான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வாரத்தில் கோபம் ஆறிவிடும், அப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஆறு மாதம் கழித்துச் சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறான் என்பாய்.

என்னை ரொம்ப நல்லவனாக்காதே. கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை என்றதும் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன், உன்னைக் குத்த வேண்டும் என்றே. அனுப்பவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு எனக்கும் வீம்பு. மூன்று வருஷத்தில் நானும் ஒரு போன் போடவில்லையே. நீ கேட்டதற்கு என்னிடம் இவ்வளவுதான் பதில்.

உன் தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நாலு நாள் உனக்கு எழுத முடியவில்லை. ஆனால் சும்மா இருக்கவில்லை. மூன்று வருஷமாக யார் யாரிடம் உன்னைப் பற்றிப் புலம்பினேனோ, அவர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டேன். பெரியம்மா, சித்தி, மாடி வீட்டு அக்கா, மகளின் மாமியார் உட்பட. "அழிச்சது அவன் இல்ல, நான்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் போனில் சுற்றி வளைத்தேன். ஆறாவதில் நேராகச் சொல்லி அழுதேவிட்டேன்.

மகளிடம் நேரிலேயே சொன்னேன். "மாமா இல்லாம நான் போட்டோவுக்கு நின்னேம்மா" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சித்தி மட்டும் பாதியிலேயே, "சரி விடு, அவன் எப்ப வர்றான்?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா