முக்கால் ஹெச்.பி.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே தெருவில் கிரிவலக் கூட்டம். நான் போகவில்லை. வருஷம் திரும்பாமல் போகக் கூடாதாம்.

காலையில் தொட்டி மோட்டாரைப் போட்டேன். உர்ரென்று ஒரு சத்தம், கருகின வாடை. அப்புறம் ஒன்றுமில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன என் பிள்ளை முருகவேல் திரும்பாமல் போய் எட்டு மாதம். இப்போது அவன் வைத்த மோட்டாரும் போய்விட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க மாடி கட்டினான், பின்பக்கம் இதைக் கட்டினான். "தொட்டின்னு சொல்லாதம்மா, ஸ்விம்மிங் பூலு" என்பான். எனக்குத் தொட்டிதான்.

மருமகள் இனியா மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். "போனா போவட்டும் அத்தே, வேற மாத்திக்கலாம்" என்றாள்.

போனால் போகட்டுமாம்.

அக்டோபர் 8, புதன்

தண்ணீர் பச்சை கட்ட ஆரம்பித்துவிட்டது.

இனியா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "தீபாவளி முடியட்டும்ணா, சொல்றேன்." போளூரில் இருக்கும் அவள் அண்ணன் மாறன்தான். என்னைக் கண்டதும் மாடிக்குப் போய்விட்டாள். என்ன சொல்லப் போகிறாள்?

பிள்ளை குட்டி இல்லை. வயசு இருக்கிறது. இங்கே அவளுக்கு என்ன பிடிப்பு? நான் பெற்றவளா என்ன? அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் அந்தப் பச்சைத் தண்ணீரும்தான்.

அக்டோபர் 11, சனி

அருள்ராஜ் என்று ஒருவன் வந்தான். ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் பூல்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவனாம். கருகினது மோட்டார். இவன் தொட்டியை அளக்கிறான்! நீளம், அகலம், ஆழம். போட்டோ வேறு. அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தை விற்றபோதும் இப்படித்தான் டேப்போடு வந்தார்கள்.

"இன்னாத்துக்குப்பா அளக்குற?"

"எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சாத்தாங்கம்மா மோட்டார் சொல்ல முடியும்." அளந்து முடித்து, "முக்கால் ஹெச்.பி. போதும்" என்றான்.

இருந்தது ஒன்றரை. அதில் பாதியா என்று கேட்டேன். "அந்த ஒன்றரையே ஜாஸ்திங்கம்மா, உங்க ஃபில்டருக்கு" என்று மணல் நிரப்பின அந்த டிரம்மைத் தட்டிக் காட்டினான். இனியா தலையை ஆட்டினாள். முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

விற்கப் போகிற வீட்டுக்கு எதற்கு நல்ல மோட்டார் என்றுதானே?

டீ குடித்துவிட்டு ஏதோ சொன்னான். அவள் லேசாகச் சிரித்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

முருகவேல் சட்டைகளையெல்லாம் பீரோவிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். வெயிலில் போடவாம்.

அக்டோபர் 16, வியாழன்

அவளிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். காசி கடை. எங்கள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் கிணற்று மோட்டார் அங்கேதான் வாங்குவோம்.

"முக்காலா? அத வெச்சி இன்னாக்கா பண்ணப்போற, காப்பி ஆத்தவா?" என்று காசி சிரித்தார். "ரெண்டு ஹெச்.பி. போடு. தண்ணி பிச்சிக்கினு வரும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதைத்தானே நானும் சொன்னேன்? எங்கள் கிணற்றில் அஞ்சு ஹெச்.பி. ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுகிற வேகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மோட்டாரை மதிப்போம். பெரிய படிப்பு இல்லை, ஆனால் மோட்டார் தெரியும்.

கிளம்பும்போது, "உங்க பையன்கூட ஒரு வாட்டி..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். எதை மறைக்கிறார்? எல்லோருமே எதையோ மறைக்கிறார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

இனியா வேலைக்குக் கிளம்பினதும் காசி கடை ஆட்கள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுவிட்சைப் போட்டேன். வீடே அதிர்ந்தது. எனக்கு ஒரு நிமிஷம் அவனே வந்து பின்பக்கம் நிற்கிற மாதிரி —

அப்பறம் தண்ணியோட மண்ணு. மண்ணு மண்ணா தொட்டிக்குள்ள கொட்டுது. ஃபில்டர் மூடி டமார்னு தெறிச்சி காம்பவுண்டு சொவத்துல போயி மோதிச்சி. எப்பிடி ஓடினேன், எப்பிடி சுவிட்ச அமுக்கினேன், ஒன்னும் தெரியல.

அவ வந்தா இன்னா சொல்லுவேன்? போறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு இருந்தா. நானே எடுத்துக் குடுத்துட்டேனே.

அக்டோபர் 18, சனி

நேற்று எழுத முடியவில்லை, அவள் வந்ததற்கு அப்புறம் நடந்ததை.

பின்பக்கம் போய் நின்றாள். புது மோட்டாரைப் பார்த்தாள், உடைந்த டிரம்மைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நான் அடுப்படி வாசலில் நிற்கிறேன். திட்டு விழும் என்று பார்த்தால், குபீரென்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காசி கடையா அத்தே? ரெண்டு ஹெச்.பி.யா?"

ஆமாம் என்றேன்.

"உங்க புள்ளையும் இதையேதான் பண்ணாரு. மொத மொத தண்ணி ரொப்பனப்போ. எங்க கெணத்துல அஞ்சு ஓடிச்சி, நமக்குத் தெரியாத மோட்டாரான்னு அதே கடையில போயி வாங்கியாந்தாரு. மூடி தெறிச்சி தாடையிலயே அடிச்சிது. அம்மாக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கினாரு."

அந்தத் தாடைத் தழும்பு! பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னானே. மஞ்சள் வைத்துக் கட்டினேனே. அந்த பைக்கை எவ்வளவு திட்டியிருப்பேன்.

"அதுக்கப்பறமும் ஒன்றரைக்குக் கொறைய மாட்டேன்னுட்டாரு" என்றாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. நானும் போய் மணலில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை.

மாறன் காரோடு வந்தான். அண்ணனும் தங்கையும் மாடியில் ரொம்ப நேரம் பேசினார்கள். கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், காது மட்டும் மேலே. ஒன்றும் விழவில்லை. காபி குடித்துவிட்டுத் தனியாகத்தான் போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் வரச் சொல்லியிருப்பாளோ?

அக்டோபர் 27, திங்கள்

அருள்ராஜ் முக்கால் ஹெச்.பி.யும் புது ஃபில்டரும் மாட்டினான். காசி அவருடைய மோட்டாரை முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டான். சத்தமே இல்லை. ஓடவில்லை என்றேன். தொட்டுப் பார்க்கச் சொன்னான். லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"கெணத்து மோட்டார் தண்ணிய மேல ஏத்தணும்ங்கம்மா. இது சுத்தி வந்தா போதும்."

நம்பவில்லை. ஒரு வேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அசையாமல் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல, ஆள் நடக்கிற மாதிரி, ஓரமாகவே ஒரு சுற்று வந்து, தண்ணீரை இழுக்கிற ஓட்டைக்குள் போய்விட்டது.

அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். ரெண்டு பெண்கள்.

நவம்பர் 5, புதன்

மறுபடியும் பௌர்ணமி. தண்ணீரில் அடித்தரை டைல்ஸ் தெரிகிறது. கார்த்திகை தீபத்துக்கு மாடியைக் கேட்டு ஆட்கள் போன் பண்ணுகிறார்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது இனியா சொன்னாள்: "காலையில நீங்க போட்டுடுங்க அத்தே. சாயந்தரம் நான் வந்து நிறுத்திக்கிறேன்."

"எத்தினி நாளிக்கி?" கேட்டே விட்டேன். அவளுக்குப் புரிந்தது.

"அது ஓடற வரிக்கும்" என்றாள். "முக்கால்னா நெறைய வருசம் ஒழைக்குமாம்."

சாயந்தரம் நல்ல மழை. தொப்பலாக நனைந்துகொண்டு வந்தாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, நேரே பின்பக்கம் போனாள்.

அவள் நிறுத்தின பிறகுதான் எனக்குக் கேட்டது, அத்தனை நேரமும் ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்று.