நீங்கள் கழுவிவிட்ட கோப்பை

அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை ஒரு கோப்பி வாசனைக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடினேன். கீழ்த்தளத்தில் யாரோ ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்திருந்தார்கள். வாசனை படியேறி வந்தது. நான் படியிறங்கிப் போனேன். நிதானம் வந்தபோது பிளேஸ்டோ பஸ் தரிப்பிடத்தில், சாரமும் மனைவியின் பூப்போட்ட செருப்புமாக மழையில் நிற்கிறேன். எனக்காக நிறுத்திய பஸ்காரன், என்னைப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டான்.

முன்பெல்லாம் அந்த வாசனைக்குத்தான் உங்கள் கதவைத் தட்டுவேன். அலெப்போவிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்த புதிதில், கத்தரிக்காய்க்குள் சோறும் இறைச்சியும் அடைத்து ஒரு தட்டு அனுப்பினீர்கள். வெறுந்தட்டைத் திருப்பக்கூடாதென்று என் மனைவி மோதகம் வைத்து அனுப்பினாள். நீங்களும் வெறுந்தட்டு அனுப்பாத ஊர்க்காரர். பிறகு அந்தத் தட்டு யாருடையது என்பதே இரு வீட்டுக்கும் மறந்துபோனது. உங்கள் ஊர் வழக்கப்படி, என் மகளின் பெயரைச் சேர்த்து என்னை ‘அபு நிலா’, அதாவது நிலாவின் அப்பா, ஆக்கினீர்கள். என் சொந்தப் பெயரைக் கடைசிவரை கேட்கவேயில்லை. நாம் பேசியது அரைகுறை ஆங்கிலம்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது.

சனிக்கிழமைகளில் குடித்த கோப்பையைத் தட்டில் கவிழ்க்கச் சொல்வீர்கள். அடியில் தங்கிய கோப்பி மண்டி வழிந்து காய்ந்ததும் உள்ளே பார்த்துக் குறி சொல்வீர்கள். மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தெரிந்தது. அவளுடைய தாய்க்கு முன்பே கட்டடம் முழுவதற்கும் தெரிந்தது. அதில் என் உழைப்பும் உண்டு. எனக்கு எப்போதும் பறவைதான். “செய்தி வருது, அபு நிலா!” என்பீர்கள். வந்ததெல்லாம் கவுன்சில் வரிக் கடிதம்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் கோப்பையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். திருப்பினீர்கள். பிறகு எழுந்துபோய்க் குழாயின்கீழ் கழுவிவிட்டீர்கள்.

“என்ன அக்கா, பறவை பறந்திட்டுதோ?”

“டொக்டரிட்டப் போ.”

“ஏன், என்ன தெரிஞ்சது?”

“திங்கட்கிழமையே போ.”

நீங்கள் சிரிக்கவில்லை. படியேறும்போது நெஞ்சில் யாரோ குந்தியிருப்பதுபோல இருப்பதை நான் மனைவிக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அது எப்படிக் கோப்பைக்குள் போனது?

“என்னப்பா, பேயைக் கண்டமாதிரி இருக்கிறியள்?” என்றாள் மனைவி, நான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

“கோப்பையைக் கண்டனான்.”

டொக்டர் என்னை வீட்டுக்கே விடவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதயக் குழாயில் அடைப்பு. “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்...” என்று தொடங்கிய பெரிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை. பயந்தவனுக்கு அதுவே முழு வசனம். நான் அங்கே கிடந்தபோது, அக்கா, நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

துக்க வீட்டில் உங்கள் மகன் சீனியில்லாத கோப்பி ஊற்றினான். சாவீட்டில் மறுக்கலாமா? குடித்துவிட்டு மரியாதையாகக் கோப்பையை நீட்டினேன். நிரப்பினான். குடித்தேன், நீட்டினேன், மறுபடி நிரப்பினான். திருத்தி வந்த இதயம் பறையடித்தது. உங்கள் பின்னாலேயே வருகிறேன் என்று நினைத்தேன். எதிரே இருந்த ஒரு முதியவர் இரங்கி, வெறுங்கையை ஆட்டிக் காட்டினார். போதுமென்றால் கோப்பையை ஆட்டவேண்டுமாம். என் கை ஏற்கனவே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, அது போதவில்லையாம்.

இப்போது ஒவ்வொரு படித்திருப்பத்திலும் நின்று என் மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். எந்தக் கோப்பையையும் கவிழ்ப்பதில்லை. நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தப் பயம்தான், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் உங்கள் மகனிடம் கேட்டேன்: “அம்மா என்ர கோப்பையில என்ன கண்டவா?”

“கோப்பையிலயோ? நீங்கள் படியில நிண்டு நிண்டு இளைக்கிறதைக் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டவா, அங்கிள். அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலயும் புரை.”