அப்பாவின் வலைப்பூவில் நான் போட்ட படம்

வியாழன், இரவு.

அப்பா கட்சியில் ஒன்றியச் செயலாளர் பதவிக்கு நிற்கிறார். அவர் பெயரில் வலைப்பூ எழுதுவது நான். அவரே எழுதினால் "பெருமதிப்பிற்குரிய" என்று தொடங்கி அங்கேயே தூங்கிவிடுவார்.

எதிர்த்து நிற்கும் முருகேசன் மாமா ஏரியூரில் ஒரு சாவு வீட்டில் மாலை போடும் படம் நேற்று கிடைத்தது. கை பிணத்தின் மேல், கண் கேமராவின் மேல், முகமெல்லாம் சிரிப்பு. "மாலை அவருக்கு, போஸ் நமக்கு" என்று எழுதிப் போட்டேன். ஒன்றியமே சிரித்தது.

இன்று இறந்தவரின் மகன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எங்கப்பன் பொணத்த வெச்சுத்தான் ஓட்டு கேக்கணுமா?"

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. வந்தவரின் போனை வாங்கிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன்.

"நான்தாம்ப்பா போட்டேன். தப்புதான்" என்று அப்பா அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

வந்தவர் போனதும் கேட்டேன். "ஏம்ப்பா, என்னைய மாட்டிவுடல?"

"எம் பேருலதான கண்ணு இருக்குது."

படத்தை அழித்துவிட்டேன். மன்னிப்பு எழுத உட்கார்ந்தால் நக்கல்தான் வருகிறது. ஞாயிறு தேர்தல். இனி எழுதாதே என்று அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.