இருபத்தைந்து குரல்கள்

11-7-95, செவ்வாய்

வெயில். பம்மல் முழுக்கத் தோல் பதனிடும் நாற்றம். டைப் பயிற்சி மையத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். பதிவேட்டில் இருபத்தைந்து. இருபதுக்குக் குறைந்தால் அரசு மானியம் நிற்கும், மையத்தை மூடிவிடுவார்கள். அதனால் திங்கள் காலையிலேயே வாரம் முழுவதற்கும், எல்லாப் பெயருக்கும், நானே டிக். எம்.ஏ. படித்த கை.

வெள்ளியன்று ஆபீசர் வருகிறார். உள்ளே வரமாட்டார். முன்னறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, நான் பெயர் கூப்பிடுவதைக் காதால் எண்ணுவார். ஆறு பேர், இருபத்தைந்து குரல். யார் குரலையும் அப்படியே பேசும் தேவிக்கு மட்டும் எட்டு. இன்று ஒத்திகை.

"மூர்த்தி குரல்ல இவ சொன்னா மூர்த்தியே திரும்பிப் பாப்பான்க்கா," ரோசி சிரித்தாள்.

நாலிலிருந்து ஆறு வரை டைப் அடித்தாள் ரோசி. ஒரு விசை ஒட்டிக்கொள்கிறது. "இந்த மிஷினுக்கும் என்னாட்டம் ஒரு பல்லு கோணல்."

ரிப்பன் வாங்க வேண்டும். பானைக்கு மூடி.

13-7, வியாழன்

காலையில் ரோசியைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. அவள் வேலை செய்யும் வீட்டில் சங்கிலி காணோம். செவ்வாய் மாலை ஐந்து மணிக்காம். ஐந்து மணிக்கு அவள் என் எதிரில்.

அவள் அம்மா வந்தாள். "நீ வந்து சொல்லும்மா. நோட்டுல எழுதிக்கினுதான கீற?"

பதிவேட்டோடு ஸ்டேஷன். எஸ்.ஐ. புரட்டினார். சிரிப்பு.

"மூர்த்தி செவ்வாக்கிழமை பூரா எங்க லாக்கப்புல இருந்தான். உன் நோட்டுல கிளாசுல கீறான். நாளைக்கும் வந்துட்டான், சனிக்கிழமையும் வந்துட்டான். இன்னாம்மா இது, ஜாதகமா?"

ரோசி மூலையில், தரையில். ஒரு கன்னம் வீங்கி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது போல.

"இவ அன்னிக்கி கிளாசுல இருந்தான்னு உங்க ஆபீசர்கிட்ட லெட்டர் வாங்கினு வா. நாளைக்கு ஆறு மணிக்குள்ள. அப்பால கோர்ட்டுதான்."

பதிவேடு போதாதா என்று ஆபீசர் கேட்பார். பதில் ஒன்றுதான்: அது பொய் சார், அன்று வந்தது ஆறு பேர், அதில் ஒருத்தி ரோசி.

மையம் போகும். மற்ற ஐந்து பேரும் தோல் ஷெட்டுக்கு. என் சம்பளமும் போகும். அதையும் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

14-7, வெள்ளி

தூறல். புழுக்கம். சாப்பிடவில்லை.

ரோசியின் அம்மாவை வாசலில் உட்காரச் சொன்னேன். "லெட்டர் வாங்கித் தரேம்மா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

நாலரைக்கு ஆபீசர். டீ, ஃபேன், பேனா. "ம், ஆரம்பிம்மா." இப்போதே சொல்லியிருக்க வேண்டும். முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ரோசி பெயர் வரும்போது நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

பதினெட்டாவது பெயர்.

"ரோசி."

நிறுத்தினேன். வாயைத் திறந்தேன். அதற்குள் தேவி, வராதவர்களுக்குச் சொல்லும் பழக்கத்தில், அச்சு அசல் ரோசியின் குரலில்:

"உள்ளேன்க்கா."

முன்னறையில் பேனா கிறுக்கும் சத்தம். வாசலில் ஏதோ தட்டிவிழுந்தது. ரோசியின் அம்மா ஈரக்காலோடு உள்ளே ஓடிவந்தாள்.

"வந்துட்டியாடி?"